தையல் இல்லாத பை

முருகன் துணை
திருப்பூர்,
12.7.1973

அன்புத் தம்பி மாரப்பனுக்கு அக்கா ராமாத்தாள் எழுதுவது. இங்கே நானும் மச்சானும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீயும் சுப்புலட்சுமியும் பாப்பாவும் பம்பாய் மழைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். போன கடிதத்துக்கே நீ பதில் போடவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மச்சானுக்கு இருமல் நிற்கவில்லை. டி.பி.யாக இருக்குமோ என்று பயந்து கோயமுத்தூர் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தேன். டி.பி. இல்லை என்றார் டாக்டர். என்ன தொழில் என்று கேட்டார். பனியன் மெஷினுக்குப் பல்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன் என்றார் மச்சான். இரும்பா என்று கேட்டார். அவ்வளவுதான், மச்சானுக்கு இருமல் மறந்துபோய்விட்டது. "இரும்பு இல்லீங்க, துணி பேக்கலைட்டுங்க. துணியப் பசையில நனைச்சு அடுக்கடுக்கா வெச்சு அழுத்துனாப் பலகையா வருமுங்க. கல்லு மாதிரி இருக்கும். அதுல சக்கரம் வெட்டுனாச் சத்தமே வராதுங்க, எண்ணெயும் வேண்டாம், பனியன்ல கறையும் படாது" என்று வியாபாரம் பேச ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அதை வெட்டும்போது தூசி வருமா என்றார். வராமல் இருக்குமா? நீ பார்த்ததுதானே. பழுப்பாக, மாவு மாதிரி, பட்ட இடமெல்லாம் அரிக்கும்.

அந்தத் தூசிதான் நெஞ்சில் இருக்கிறதாம். இருப்பதை எடுக்க முடியாது, இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் பிழைத்துக்கொள்வார், போனால் அடுத்த வருஷத்துக்கு நான் பொறுப்பில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மச்சானிடம் நான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை.

சுவரில் பெரிய ஃபேன் ஒன்று மாட்டியிருக்கிறோமே, அதைப் போட்டால் தூசி கொஞ்சம் அடங்கும். இப்போது கரண்டை அளந்து விடுகிறார்கள். ஃபேனைப் போட்டால் மெஷினை நிறுத்த வேண்டும், மெஷினைப் போட்டால் ஃபேனை நிறுத்த வேண்டும். அவர் எதை நிறுத்துவார் என்று உனக்குத் தெரியும்.

நீ மில்களுக்குப் பஞ்சுத் தூசி உறிஞ்சுகிற குழாய் போடுகிறவன். கரண்ட் தின்னாத ஃபேன் ஏதாவது உண்டா? இருந்தால் உடனே எழுது. தொழிலை விடச் சொல்லி எழுதாதே, அதைச் சொல்லிப் பார்த்தாயிற்று.

உன் அக்கா,
ராமாத்தாள்

*

பம்பாய்,
25.7.1973

அக்காவுக்கும் மச்சானுக்கும் மாரப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். மழையில் குடைதான் செத்துப்போயிற்று. மச்சான் உடம்பு தேற வேண்டும் என்று சுப்புலட்சுமி இங்கே முருகன் படத்துக்குத் தினமும் விளக்குப் போடுகிறாள்.

கரண்ட் தின்னாத ஃபேன் என்று ஒன்று இல்லை. கொஞ்சமாகத் தின்னும் ஃபேன் உண்டு, அதற்கு ஃபேனைவிடக் குழாயின் வாய்தான் முக்கியம். நீங்கள் செய்வது என்ன? தூசியை அறை முழுக்கப் பறக்கவிட்டு, பிறகு அறையில் இருக்கும் காற்றையெல்லாம் வெளியே தள்ளப் பார்க்கிறீர்கள். அதற்கு எவ்வளவு பெரிய ஃபேனும் போதாது. கட்டர் பலகையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயின் வாயை வைத்துப் பார். தூசி கிளம்பும் இடத்திலேயே பிடித்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு காற்று போதும். அதற்குத் தனி மோட்டாரே வேண்டாம். மெஷின் ஓடுகிற அதே தண்டிலிருந்து ஒரு பெல்ட் எடுத்துச் சின்னத் தகர ஃபேனைச் சுற்ற விடு. மெஷின் ஓடினால் அது ஓடும், நின்றால் நிற்கும். மீட்டருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். வாய் கட்டரிலிருந்து நாலு விரலுக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. மறு முனையில் ஒரு துணிப் பையைக் கட்டிவிடு. காற்று பையைத் தாண்டிப் போய்விடும், தூசி உள்ளே நின்றுவிடும். இங்கே மில்களில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

நீ பயப்படாதே. இது என் தொழில். செய்து முடித்ததும் எழுது.

அன்புத் தம்பி,
மாரப்பன்

*

முருகன் துணை
திருப்பூர்,
2.9.1973

தம்பி மாரப்பனுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சுப்புலட்சுமி எழுதியிருந்தாள். இப்போது எப்படி இருக்கிறது?

உன் ஃபேன் ஓடுகிறது. தகரக்கடை நல்லான் உன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நேராகப் பிடிக்கச் சொன்னேன். பிறகு நன்றாகவே செய்துவிட்டார். முதல் நாள் கட்டர் பலகையைத் தொட்டதும் தூசி அப்படியே வளைந்து குழாய்க்குள் போனதை நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். தலையில் கட்டும் துண்டு சாயங்காலம் வரைக்கும் வெள்ளையாகவே இருக்கிறது. கரண்டும் அளவுக்குள் நிற்கிறது. நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பைக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. இந்த ஊரில் துணிக்கா பஞ்சம்? பனியன் துணி மெஷினிலிருந்து இறங்கும்போதே குழாய் மாதிரி உருளையாகத்தானே வருகிறது. அளவாக ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையை முடிச்சுப் போட்டு, மறு முனையைக் குழாயில் மாட்டி நாடாவால் இறுக்கிவிட்டேன். தையலே இல்லை. தையல் இருந்தால்தானே ஊசி ஓட்டையில் தூசி கசியும். மச்சான் இதைக் கேட்டுவிட்டு என்னை இன்ஜினியர் என்று கூப்பிடுகிறார். பையை அவிழ்த்தால் தினமும் அரை மரக்கால் தூசி இருக்கிறது. இத்தனையும் அவர் நெஞ்சுக்குள் போயிருக்குமே என்று பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். நல்லது, இருந்தாலும் கொஞ்ச மாதம் மெஷின் பக்கமே விடாதீர்கள் என்றார். அதனால் மச்சான் படுக்கையில் இருக்கிறார். பல் வெட்ட ஆள் கிடைத்துவிட்டது. கை பழகும் வரைக்கும் பலகை கொஞ்சம் வீணாகிறது, வேறு குறை இல்லை.

அக்கா,
ராமாத்தாள்

*

திருப்பூர்,
7.10.1973

மாப்பிள்ளை மாரப்பனுக்கு மச்சான் கன்னையன் எழுதிக்கொள்வது. உங்கள் நலத்தைக் கேட்டுக்கொள்கிறேன். என் நலத்தை உங்கள் அக்கா எழுதியிருப்பாள், அதில் பாதியை நம்புங்கள்.

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து சாய்ந்து போகிறது. முதலில் உங்களிடம் ஒரு கோள் சொல்ல வேண்டும். பல் வெட்ட ஆள் கிடைத்துவிட்டது என்று உங்கள் அக்கா எழுதினாள் அல்லவா? அந்த ஆள் அவள்தான். வேறு ஆளை வைத்தால் சக்கரத்தைக் கெடுத்துவிடுவான் என்று இவளே முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு வாரம் கெடுத்தாள். இப்போது அவள் வெட்டும் சக்கரத்தைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தால் என் சக்கரம் மாதிரியே இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்கள் ஃபேனுக்கு ஊரே வருகிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் என்னை ஒரு நிமிஷம் பார்க்கிறார்கள், அப்புறம் ஃபேனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கருப்புசாமி தன் பட்டறையில் அதே மாதிரி செய்து மாட்டிவிட்டார். இன்னும் இரண்டு பேர் நல்லானிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். பையைப் பற்றி நானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். பனியன் துணியை உருளையாகவே மாட்டுங்கள், தைக்காதீர்கள் என்று.

ஒரு சின்னச் சங்கடம் வந்தது. பையை வெளிவாசலில் தொங்கவிட்டிருந்தோம். பக்கத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நூருல்லா பாய் வந்தார். "கன்னையண்ணா, தப்பா நெனைக்காதீங்க. சலவை பண்ணிக் காயப்போட்ட துணியில பழுப்பாப் புள்ளி விழுகுதுங்க" என்றார். பையை உதறும்போது பறந்திருக்கும் என்று நினைத்தோம். அவர் பிழைப்பைக் கெடுக்கலாமா? குழாயைச் சுவர் வழியாகத் திருப்பி, பட்டறையை ஒட்டி நான் படுத்திருக்கும் உள்ளறைக்குள் விட்டுவிட்டோம். இப்போது பை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. உங்கள் அக்கா மெஷினைப் போட்டதும் கன்றுக்குட்டி வயிறு மாதிரி உப்பிக்கொள்ளும், நிறுத்தினால் சுருங்கிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு இப்போது உத்தியோகம். எத்தனை சக்கரம் ஓடியது என்று படுத்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.

தீபாவளிக்கு வர முடியாது என்று தெரியும். தை மாதம் வாருங்கள். நீங்கள் செய்த ஃபேனை நீங்கள் பார்க்க வேண்டாமா?

கன்னையன்

*

பம்பாய்,
4.11.1973

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும் மாரப்பன் எழுதுவது. சுகம். உங்கள் சுகத்தை விரும்புகிறோம். பாப்பாவுக்குக் காய்ச்சல் போய் இப்போது வீட்டையே இரண்டாக்குகிறாள்.

மச்சானின் கடிதத்தைக் கம்பெனியில் எங்கள் ஃபோர்மேனுக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். தனி மோட்டார் இல்லாமல், வாயைக் கட்டருக்குப் பக்கத்தில் வைத்து மூன்று நாலு பட்டறையில் ஓடுகிறது என்றதும் அவர் என் தோளைத் தட்டினார். பேக்கலைட் மாதிரிப் பலகை வெட்டும் ஒரு தொழிற்சாலைக்கு இதே முறையில் நான் போய்ப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் பட்டறையால் எனக்கு ஒரு படி ஏற்றம்.

அக்கா மெஷினில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஃபேன் ஓடும்போது பயமில்லை. பை நூருல்லா பாய்க்குத் தொந்தரவு இல்லாமல் உள்ளே வந்ததும் நல்லதாகப் போயிற்று. மச்சான் பொழுதும் போகும்.

தை மாதம் வரப் பார்க்கிறேன். புது வேலை எப்படி அமையும் என்று தெரியவில்லை.

அன்புடன்,
மாரப்பன்

*

முருகன் துணை
திருப்பூர்,
9.12.1973

தம்பிக்கு அக்கா எழுதுவது. உங்கள் மூவருக்கும் உடம்பு சுகம்தானே. எனக்கு ஒன்றும் இல்லை.

மச்சானுக்கு நன்றாக இல்லை. ஐப்பசியில் வாசல் வரைக்கும் நடந்தவர் இப்போது எழுந்து உட்காரவே மூச்சு வாங்குகிறார். சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். இருமல் வந்தால் முகமெல்லாம் கறுத்துவிடுகிறது. தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து நான் பிடித்துக்கொள்கிறேன்.

கோயமுத்தூர் டாக்டர் மறுபடியும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தனக்கே விளங்கவில்லை என்றார். குறைந்திருக்க வேண்டியது கூடியிருக்கிறதாம். "தூசிப் பக்கமே போறதில்லீங்களே?" என்று என்னைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "இல்லீங்க, உள்ரூமை உட்டு வெளிய வர்றதே இல்லீங்க" என்றேன்.

இதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. நாள் முழுக்கக் கட்டரை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நிற்கிறவள் நான். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. தூசி படாமல் உள்ளே படுத்திருக்கிறவருக்குத்தான் கூடுகிறது. அவருக்குப் பதில் எனக்கு வந்திருக்கலாம். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நல்லானிடம் கோபப்பட்டேன். அவர் பாவம், பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர்.

கட்டிலை வாசல் பக்கம் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் புள்ள. பை ஊதறதப் பாத்தாத்தான் நீ அங்க நிக்கிறது தெரியுது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அதற்கு மேல் வற்புறுத்த மனசு வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாரப்பா. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அக்கா

*

பம்பாய்,
11.1.1974

அக்காவுக்கு.

சுகம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புதுத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தேன்.

இதைப் படித்ததும் மெஷினை நிறுத்து. பனியன் துணிப் பையைக் கழற்றிவிடு. நெருக்கமாக நெய்த காடாத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து மாட்டு. தையலின் மேல் மெழுகு தேய். பையை உள்ளறையில் வைக்காதே. சுவருக்கு வெளியே கொண்டுபோய்விடு. அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவு, பெருக்காதே. கழுவி முடிக்கும் வரை மச்சானை வேறு இடத்தில் படுக்க வை.

உடனே செய்.

மாரப்பன்

*

முருகன் துணை
திருப்பூர்,
24.1.1974

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். அவரும் இருக்கிறார். பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் கடிதம் பொங்கல் கழிந்து வந்தது. நீ எழுதியபடி எல்லாம் செய்துவிட்டேன். காடாத் துணி நூருல்லா பாய் வீட்டில் இருந்தது, அவர் சம்சாரம் ஜெய்புன்னிசா தைத்தே கொடுத்துவிட்டாள். பை இப்போது வெளிவாசலில், பழைய இடத்திலேயே தொங்குகிறது. பாயின் சலவைத் துணி அதற்குப் பக்கத்திலேயே காய்கிறது. நானே போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

உள்ளறையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தின் மூடியைக் காலையில் எழுந்ததும் துடைப்பது என் வழக்கம். விரலால் தொட்டால் பழுப்பாக ஒட்டும். தெருப் புழுதி என்று துடைத்துக்கொண்டிருந்தேன். பையை மாற்றிய மறுநாள் மூடி சுத்தமாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும் சுத்தமாக இருந்தது. அப்போது பழைய பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயிலில் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கண் கண்ணாகத் திறந்துகொண்டது. இழுத்தால் விரிய வேண்டும் என்றுதானே பனியனைப் பின்னுகிறார்கள். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். காற்று ஊதினாலும் இழுத்தது மாதிரிதான் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய தூசி தங்கியது, பை நிறைந்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் அந்த அறைக்குள்தான் இருந்திருக்கிறது.

ஏன் மாற்ற வேண்டும் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் கேட்டார். "பை எங்க போச்சு?" என்றார். கிழிந்துவிட்டது என்றேன். "பனியந்துணி கிழியுமா?" என்றார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். "செரி, கிழிஞ்சிருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. மெஷினில் நிற்கிறேன், கஞ்சி காய்ச்சுகிறேன், அவரைப் பிடித்து உட்கார வைக்கிறேன். யாரோ செய்வது மாதிரி இருக்கிறது. ஊசி போட்டுப் பல் பிடுங்கின பிறகு கன்னம் இருக்குமே, அந்த மாதிரி.

முடிந்தால் ஒரு தடவை வந்து போ.

அக்கா

*

பம்பாய்,
17.3.1974

அன்புள்ள அக்காவுக்கு மாரப்பன் எழுதுவது. நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் கூட்டம் இல்லை. பாப்பா என்னை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தாள், மொட்டை அடித்திருப்பதால்.

தந்தி கிடைத்ததும் கிளம்பியும் மச்சான் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நான் வருவதற்குள் எடுத்துவிட்டீர்கள். அதில் தப்பில்லை, எத்தனை நேரம் வைத்திருக்க முடியும். காரியமெல்லாம் குறையில்லாமல் நடந்தது. நூருல்லா பாய் கடைசி வரைக்கும் நின்றது பெரிய உதவி.

அங்கே இருந்த நாட்களில் உன்னோடு தனியாகப் பேச முடியவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மெஷின் அறைக்குள் போய்ப் பார்க்கவும் நேரமில்லை.

நானும் சுப்புலட்சுமியும் யோசித்தோம். நீ தனியாக அங்கே என்ன செய்வாய்? மெஷினை வாங்கிக்கொள்ளக் கருப்புசாமி தயாராக இருப்பார் என்று நினைக்கிறேன். ஃபேனோடு விற்றுவிடு. இங்கே வந்துவிடு. வீடு சின்னதுதான், இருந்தாலும் உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாரப்பன்

*

திருப்பூர்,
2.4.1974

தம்பி மாரப்பனுக்கு அக்கா எழுதுவது. சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

பம்பாய்க்கு வரவில்லை. மெஷினையும் விற்கவில்லை. கூப்பிட்டதற்கு சுப்புலட்சுமிக்கு என் அன்பைச் சொல். பதினாறு முடிந்த மறுநாளே பனியன் கம்பெனிக்காரர்கள் சக்கரம் கேட்டு வந்துவிட்டார்கள். நின்றால் வேலை ஓடுகிறது, உட்கார்ந்தால்தான் எனக்கு அந்த உள்ளறை கண்ணில் படுகிறது. அதனால் நிற்கிறேன்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசி நாள் மத்தியானம் யாரும் இல்லை. நீயும் நானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ மோர் கேட்டாய், நான் ஊற்றினேன். சோறு கேட்டாய், போட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும்தான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னால் நான் கேட்க வேண்டி வரும் என்று எனக்கும் பயமாக இருந்தது.

போன வாரம் ஒன்று நடந்தது. கருப்புசாமி ஒரு கட்டர் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் பட்டறைக்குள் போய் நிமிர்ந்து பார்க்கிறேன், பனியன் துணிப் பை உப்பிக்கொண்டு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மச்சான் படுக்கையில் கிடந்துகொண்டே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது எனக்கு அதுவரைக்கும் ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருக்க வேண்டும். என் வீட்டுப் பையை மாற்றின அன்றே வந்திருக்க வேண்டும். என் நினைப்பெல்லாம் அந்த ஒரு கட்டிலைச் சுற்றியே நின்றுவிட்டது.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்றார் கருப்புசாமி. பையை மாற்ற வேண்டும் என்றேன். "ஏனுங்க, இது கன்னையண்ணன் சொன்ன மொறைதானுங்களே. அவுரு சொன்னாத் தப்பா இருக்குமுங்களா?" என்றார். ஆட்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

கிழிந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குப் பழகின பொய்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அவுரு தெரியாமச் சொன்னாருங்க" என்றேன். "பனியந்துணியில நைசுத் தூசி நிக்காதுங்க. ஊதி வெளிய உட்டுரும். அதே பையிக்கிட்டத்தான் நாங்க அவரைப் படுக்க வெச்சிருந்தோம். அதுலதானுங்க அவுரு போனாரு."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. கருப்புசாமி போய் மெஷினை நிறுத்தினார். அவரே ஏறிப் பையை அவிழ்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "உங்க தம்பிக்கு இது தெரியுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுங்க. அவந்தானுங்க இதைக் கண்டுபுடிச்சு எனக்குச் சொன்னான்" என்றேன்.

மற்ற இரண்டு பட்டறைகளுக்கும் அன்றைக்கே போனேன். அங்கேயும் இதையே சொன்னேன். மூன்று இடத்திலும் இப்போது காடாத் துணிதான். இனிமேல் ஃபேன் வைக்க நினைக்கிறவர்கள் இங்கேதான் வந்து கேட்பார்கள். பல்லடத்திலிருந்துகூட ஒருவர் வந்துவிட்டுப் போனார். நான் வாயால் சொன்னால், பொம்பளை ஏதோ சொல்கிறாள் என்று பாதிப் பேர் கேட்கமாட்டார்கள். நீ எழுதிக் கொடுத்தால் கேட்பார்கள்.

அதனால் எனக்கு ஒரு கடிதம் எழுது. பனியன் துணி ஏன் கூடாது, காற்று ஊதும்போது அது என்ன ஆகிறது, கண்ணுக்குத் தெரியாத தூசி எப்படி வெளியே வருகிறது என்று புரியும்படி எழுது. பை ஆட்கள் இருக்கும் இடத்தில் ஏன் தொங்கக் கூடாது என்று எழுது. கடைசியில் உன் மச்சான் எப்படிச் செத்தார் என்றும் எழுது. நீ எனக்குச் சொன்னதாக ஊரில் சொல்லிவிட்டேன், மாரப்பா. இன்னும் சொல்லவில்லை நீ. சொல்லிவிடு.

பாப்பாவுக்கு என் முத்தம். உன் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா,
ராமாத்தாள்